அத்தியாயம் 7: அளவிட்ட டேட்டாவில் காணொளி பார்த்தல்

வரம்புள்ள இணையத் திட்டங்கள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. இந்தியாவில் கைபேசிக்கான முன்கட்டணத் திட்டங்களுள் பல, நாளொன்றுக்கு 1 ஜிபி, 1.5 ஜிபி, 2 ஜிபி என்ற கணக்கில் டேட்டாவைத் தருகின்றன. அந்த அளவு தீர்ந்தபின் இணைப்பு துண்டிக்கப்படுவதில்லை என்றாலும் வேகம் 64 கேபிபிஎஸ் அளவுக்கு இறக்கப்படுகிறது. நள்ளிரவு 12 மணிக்கு அடுத்த நாளின் ஒதுக்கீடு தொடங்கும்போது, முந்தைய நாளில் மீந்தது பெரும்பாலும் கணக்கிலிருந்து நீங்கிவிடுகிறது. வீட்டு ஃபைபர் இணைப்புகளில் ‘நியாயமான பயன்பாட்டு வரம்பு’ என்ற பெயரில் மாத அளவு ஒன்று உண்டு. இலங்கையின் வீட்டு இணையத் திட்டங்கள் பலவற்றில் மாத அளவே இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பகுதி எந்நேரமும் பயன்படுத்தத்தக்கதாகவும் மற்றொரு பகுதி நள்ளிரவுக்குப் பிந்திய மணிகளுக்கு மட்டும் உரியதாகவும் வழங்கப்படுகிறது. திட்டம் எவ்வகையினதாயினும், ஒரு வீட்டின் டேட்டாவை விரைவாகத் தீர்ப்பது காணொளியே. குறுஞ்செய்தியையும் செய்தித்தாளையும் வங்கிப் பரிமாற்றத்தையும் சுருக்குவதால் மீள்வது மிகச் சிறிது.

குறைவாகப் பார்ப்பதும் ஒரு வழிதான் என்றாலும், அதை முதல் வழியாகக் கொள்ள வேண்டிய தேவை இல்லை. தேர்வுக்குப் படிக்கும் மாணவருக்கும், தொழில் ஒன்றைக் காணொளி வழியே கற்கும் இளைஞருக்கும், பகல் முழுவதும் வேலை செய்துவிட்டு இரவில் ஒரு படம் பார்க்கும் தொழிலாளிக்கும் அந்த நேரம் உரியது. சிறிய திட்டத்தை மட்டுமே வாங்க முடிகிறது என்பதற்காக அவர்கள் அதை இழக்க வேண்டியதில்லை. பார்க்கும் நேரத்தைக் குறைக்காமலே செலவைப் பாதியாகவோ, பல வீடுகளில் அதற்கும் கீழாகவோ இறக்க முடிகிறது. டேட்டாவின் பெரும்பகுதி பார்வையாளர் கேட்டுச் செலவாவதில்லை, அவர் சார்பில் செயலி எடுக்கும் முடிவுகளால் செலவாகிறது என்பதே இதற்குக் காரணம்.

கணக்கிடும் முறை

இணைய வேகம் பிட் என்ற அலகிலும், டேட்டாவின் அளவு பைட் என்ற அலகிலும் கூறப்படுகின்றன. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஒரு நொடிக் காணொளிக்கு எத்தனை பிட் செலவாகிறது என்பதே அதன் பிட் வீதம். நொடிக்கு ஒரு மெகாபிட், அதாவது 1 எம்பிபிஎஸ் வீதத்தில் ஒரு மணி நேரம் ஓடும் காணொளி 3,600 மெகாபிட்டை எடுத்துக்கொள்கிறது. அதை எட்டால் வகுத்தால் 450 எம்பி கிடைக்கும். ‘ஒரு எம்பிபிஎஸ்ஸுக்கு மணிக்கு 450 எம்பி’ என்ற இந்த ஒரு சமன்பாட்டை நினைவில் கொண்டால் மற்றவற்றை மனக்கணக்காகவே போட்டுவிடலாம். 5 எம்பிபிஎஸ் வீதத்தில் வரும் முழு எச்டி படம் மணிக்கு 2.25 ஜிபியைச் செலவழிக்கும், நாளொன்றுக்கு 1.5 ஜிபி உள்ளவரின் ஒதுக்கீடு அதனால் 40 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதே படம் 1 எம்பிபிஎஸ் வீதத்தில் வந்தால் அவர் 3 மணி 20 நிமிடம் பார்க்கலாம், அதாவது தமிழ்ப் படம் ஒன்று முழுமையாக முடிந்தபின்னும் சிறிது மீதமிருக்கும்.

நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் தன் அமைப்புகள் பக்கத்தில் தரும் அளவுகளும் இக்கணக்கோடு ஒத்துப்போகின்றன. குறைந்த தரத்தில் மணிக்கு 0.3 ஜிபி வரையும், நடுத்தரத்தில் 0.7 ஜிபி வரையும், உயர்தரத்தில் எச்டி எனில் 3 ஜிபி வரையும், 4கே எனில் 7 ஜிபி வரையும் செலவாகும் என்று அது கூறுகிறது. ஒரே படத்தை ஒரே நேர அளவுக்குப் பார்ப்பதற்கு ஆகும் குறைந்த செலவுக்கும் கூடிய செலவுக்கும் இடையே இருபது மடங்குக்கு மேல் இடைவெளி இருப்பதைக் கவனிக்க வேண்டும். சேமிப்புக்கான இடம் முழுவதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

‘தானியங்கி’ என்ற தேர்வு அறிவதும் அறியாததும்

இன்றைய காணொளிச் சேவைகள் ஒரு படத்தை ஒரே கோப்பாக அனுப்புவதில்லை. படம் முன்கூட்டியே பல தரங்களில் தயாரிக்கப்பட்டு, ஒவ்வொரு தரமும் சில நொடிகள் நீளமுள்ள துண்டுகளாகப் பிரித்து வைக்கப்படுகிறது. பார்வையாளரின் கருவி, முந்தைய துண்டு எவ்வளவு விரைவாக வந்து சேர்ந்தது என்பதை அளந்து, அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என்று தானே முடிவு செய்கிறது. தகவமைப் பாய்ச்சல் எனப்படும் இம்முறைக்கு ஆப்பிள் நிறுவனம் 2009இல் எச்எல்எஸ் என்ற வடிவத்தையும், பன்னாட்டுத் தர அமைப்பு 2012இல் டேஷ் என்ற பொது வடிவத்தையும் வெளியிட்டன. படம் நின்று நின்று ஓடும் தொல்லையைப் போக்குவதே இதன் நோக்கம்; அதில் இது சிறப்பாகவே வெற்றி பெற்றுள்ளது.

ஆனால் இம்முறை அளப்பது இணைப்பின் வேகத்தை மட்டுமே. திட்டத்தில் எஞ்சியிருக்கும் அளவு அதற்குத் தெரியாது. குழாயில் நீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்று அறிந்தவர், மாடித் தொட்டியில் எவ்வளவு மிச்சம் என்று அறியாதிருப்பதைப் போன்ற நிலை இது. 4ஜி, 5ஜி வலையமைப்புகளின் வேகம் கூடக்கூட, ‘தானியங்கி’ என்று விடப்பட்ட செயலி மேலும் உயர்ந்த தரத்தையே தேர்ந்தெடுக்கும். வேகமான இணைப்பு கிடைத்த பிறகு டேட்டா முன்னைவிட விரைவில் தீர்வதாகப் பலர் உணர்வதற்கு இதுவே காரணம். ஆகவே தரத்துக்கு மேல்வரம்பு ஒன்றைப் பயனரே இட வேண்டும். இந்த அத்தியாயத்தில் சொல்லப்படும் மற்ற வழிகளெல்லாம் அதற்குத் துணைநிற்பவையே.

மேல்வரம்பு இடுவதால் பார்வையாளர்களுக்குப் பெருங்குறை நேர்வதில்லை என்பதற்கு 2020ஆம் ஆண்டின் ஊரடங்கு ஒரு சான்று. அவ்வாண்டு மார்ச் இறுதியில், வலையமைப்புகளின் சுமையைக் குறைப்பதற்காக, இந்தியாவில் இயங்கிய பெரிய காணொளிச் சேவைகள் கைபேசி இணைப்புகளில் தரத்தை 480பிக்கு மேல் போகாமல் நிறுத்திவைக்க ஒப்புக்கொண்டன. நாடே வீட்டுக்குள் அமர்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மக்கள் அத்தரத்திலேயே படங்களையும் தொடர்களையும் பார்த்தனர்.

திரையின் அளவும் கண்ணின் தூரமும்

480பி, 720பி, 1080பி என்பவை படத்தில் மேலிருந்து கீழாக உள்ள புள்ளி வரிசைகளின் எண்ணிக்கையைக் குறிக்கின்றன. 720பி படத்தில் ஏறத்தாழ 9.2 லட்சம் புள்ளிகளும், 1080பி படத்தில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகளும் உள்ளன. எந்த எண் தேவை என்பது கண்ணைப் பொறுத்தது. இயல்பான பார்வை உடையவரின் கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைவிடச் சிறிய கோணத்தில் அமைந்த இரு புள்ளிகளைப் பிரித்தறிவதில்லை என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. இதைக் கொண்டு கணக்கிட்டால், படத்தின் உயரத்தைப் போல் சுமார் 4.8 மடங்கு தூரத்துக்கு அப்பால் அமர்ந்திருப்பவருக்கு 720பிக்கு மேற்பட்ட வரிசைகள் பயன்படுவதில்லை. சுமார் 7 மடங்கு தூரத்துக்கு அப்பால் 480பிக்கு மேற்பட்டவை பயன்படுவதில்லை.

43 அங்குலத் தொலைக்காட்சியின் உயரம் சுமார் 53 சென்டிமீட்டர். அதிலிருந்து எட்டரை அடிக்கு அப்பால் நாற்காலி போட்டு அமர்பவர் 720பிக்கும் 1080பிக்கும் வேறுபாடு காண்பது அரிது. நடுத்தர அளவுள்ள கூடங்களில் சுவரோரம் அமர்பவரின் தூரம் பெரும்பாலும் இதற்கு நெருக்கமாகவே இருக்கும். கைபேசியைக் கிடையாகத் திருப்பிப் பார்க்கும்போது படத்தின் உயரம் ஏழு சென்டிமீட்டர் அளவே ஆவதால், அரை மீட்டர் தள்ளி வைத்துப் பார்ப்பவருக்கு 480பி போதும். முகத்தருகே பிடித்துப் பார்ப்பவருக்குச் சிறு வேறுபாடு தெரியலாம், எனினும் அவ்வேறுபாட்டுக்காக இரண்டு மூன்று மடங்கு டேட்டாவைக் கொடுப்பது தகுமா என்பதை அவரே எடைபோட வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் 2019 ஜூலையில் இந்தியாவில் அறிமுகப்படுத்திய, கைபேசிக்கு மட்டுமான மலிவுத் திட்டம் 480பி அளவிலேயே அமைந்திருந்தது.

இவ்விதிக்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. கரும்பலகையில் எழுதிக் காட்டப்படும் கணக்கு, கணினித் திரையைப் பதிவு செய்த மென்பொருள் பாடம், நிலப்படம், தையல் வேலையின் நுண்மை போன்றவற்றில் எழுத்தும் கோடும் சிதைந்தால் பார்த்ததன் பயனே போய்விடும். அத்தகைய காணொளிகளுக்கு 720பியைத் தயங்காமல் அளிக்கலாம். மேலும் அவை பார்வைக்குத் தோன்றும் அளவுக்குச் செலவு வைப்பவையும் அல்ல. காணொளியைச் சுருக்கும் முறைகள், ஒரு சட்டகத்துக்கும் அடுத்த சட்டகத்துக்கும் இடையே மாறியதை மட்டுமே பெரும்பாலும் பதிவு செய்கின்றன. பலகை அசையாமல் நிற்க, ஆசிரியரின் கை மட்டும் அசையும் பாடத்தில் மாற்றம் சிறிது. பந்தைத் தொடர்ந்து ஒளிப்படக்கருவி ஓட, பின்னணியில் கூட்டம் கொந்தளிக்கும் கிரிக்கெட் ஆட்டத்திலோ சட்டகம் முழுவதும் நொடிதோறும் மாறுகிறது. ஆகவே ஒரே தரத்திலும் கிரிக்கெட்டின் செலவு பாடத்தின் செலவைவிடப் பெரிதும் கூடுதலாக இருக்கக்கூடும். நொடிக்கு 60 சட்டகங்களில் வரும் ஆட்டம் 30 சட்டகங்களில் வருவதைவிட மேலும் பெரியது. இரண்டும் பட்டியலில் தரப்பட்டிருந்தால் 60 என்ற எண் இல்லாததைத் தேர்வது நன்று.

சுருக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். 2003இல் வந்த எச்.264, 2013இல் வந்த எச்இவிசி, விபி9, 2018இல் வந்த ஏவி1 எனப் புதியவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ அதே தரத்தைக் குறைந்த பிட்டுகளில் தருகின்றன. புதிய கோடெக்கைப் புரிந்துகொள்ளாத பழைய கைபேசிக்கும் கணினிக்கும் சேவைகள் எச்.264 வடிவத்தையே அனுப்ப வேண்டியிருப்பதால், ஒரே வீட்டில் ஒரே படத்தை ஒரே 480பியில் பார்த்தாலும் பழைய கருவி கூடுதலாகச் செலவழிக்கலாம். இதற்காகப் புதுக் கைபேசி வாங்க வேண்டியதில்லை. வீட்டில் இரண்டு கருவிகள் இருந்தால் நீண்ட படங்களுக்குப் புதியதைப் பயன்படுத்தினால் போதும்.

மேல்வரம்பை எங்கே இடுவது

யூடியூப் செயலியில் காணொளி ஓடும்போது தரத்தை மாற்றினால் அது அந்த ஒரு காணொளிக்கு மட்டுமே பொருந்தும். நிலையாக மாற்ற வேண்டுமெனில், செயலியின் அமைப்புகளில் காணொளித் தர விருப்பங்கள் என்ற பகுதிக்குச் சென்று, மொபைல் டேட்டாவுக்கும் வைஃபைக்கும் தனித்தனியே டேட்டா சேமிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முகப்புப் பக்கத்தில் விரல் நகரும்போதே ஒலியின்றி ஓடத் தொடங்கும் முன்னோட்டங்களையும், ஒரு காணொளி முடிந்ததும் அடுத்ததைத் தானே தொடங்கும் வசதியையும் செயலியின் அமைப்புகளிலேயே நிறுத்திவிடலாம். யாரும் பார்க்காத வேளையில், உறங்கிவிட்டவரின் கையிலும்கூட ஓடிக்கொண்டிருக்கும் காணொளிகள் இவ்விரண்டாலும் நேர்பவை. நெட்ஃபிளிக்ஸில் கைபேசிக்கான தேர்வு செயலிக்குள்ளும், தொலைக்காட்சிக்கும் கணினிக்குமான தேர்வு கணக்கின் பக்கத்தில் ஒவ்வொரு சுயவிவரத்துக்கும் தனியாகவும் உள்ளது. ஒன்றை மாற்றியவர் மற்றொன்றும் மாறிவிட்டதாகக் கருதக் கூடாது.

பெரும்பாலான வீடுகளில் இழப்பு நேரும் இடம் ஹாட்ஸ்பாட். ‘வைஃபையில் மட்டும்’ என்ற அமைப்பை எழுதியவர்கள், வைஃபை என்றால் அளவற்ற இணைப்பு என்று எண்ணியே அதை எழுதினர். தமிழ்நாட்டுச் சிற்றூரில் ஒருவரின் கைபேசி ஹாட்ஸ்பாட்டிலிருந்து தொலைக்காட்சி இணைக்கப்படும்போது, தொலைக்காட்சி அதை வைஃபையாகவே காண்கிறது. உயர்ந்த தரத்தைக் கேட்கிறது. தன் செயலிகளையும் இயக்கமுறைமையையும் புதுப்பித்துக்கொள்ளவும் தொடங்குகிறது. ஒருவரின் முழுநாள் ஒதுக்கீடு அரைமணியில் மறைவது பெரும்பாலும் இவ்வாறுதான். ஆண்ட்ராய்டு கைபேசியிலும் விண்டோஸ் கணினியிலும் குறிப்பிட்ட வைஃபை இணைப்பை ‘அளவிடப்பட்ட இணைப்பு’ என்று குறித்துவைக்கும் வசதி உண்டு. ஐஃபோனில் 2019இல் வந்த ஐஓஎஸ் 13 முதல் குறைந்த டேட்டா முறை என்ற வசதியை ஒவ்வொரு வைஃபைக்கும் தனியே இயக்கலாம். இவற்றைக் குறித்துவைத்தால் பின்னணிப் புதுப்பித்தல்கள் பெருமளவு நின்றுவிடும்.

தொலைக்காட்சிகளுள் பலவற்றில் இத்தகைய வசதி இல்லை. அங்கே உதவுவது வேகத்தையே கட்டுப்படுத்தும் வழி. தானியங்கித் தேர்வு வேகத்தை மட்டுமே அளக்கிறது என்பதால், கொடுக்கப்படும் வேகத்தைக் குறைத்தால் அது தானே கீழ்த்தரத்துக்கு இறங்கும். வீட்டு ரூட்டர்கள் பலவற்றில் குறிப்பிட்ட கருவிக்கு வேக உச்சம் வைக்கும் வசதி இருக்கிறது. தொலைக்காட்சிக்கு 2 எம்பிபிஎஸ் என்று வைத்தால், எந்தச் செயலி எந்த அமைப்பில் இருந்தாலும் மணிக்கு 900 எம்பிக்கு மேல் செலவாக வழியில்லை. வீட்டிலுள்ள ஒவ்வொருவரிடமும் அமைப்பை மாற்றச் சொல்லி வேண்டிக்கொள்வதைவிட இது உறுதியானது என்பதால், ரூட்டர் உள்ள வீடுகளுக்கு இதையே முதலில் பரிந்துரைக்கலாம்.

குறுங்காணொளிகளில் தரத்தைத் தேர்வதற்கான வாய்ப்பு பெரும்பாலும் இல்லை. ஒன்றைப் பார்க்கும்போதே அடுத்தவை பின்னணியில் இறங்கத் தொடங்குகின்றன; தள்ளிவிடப்பட்டவற்றுக்கும் டேட்டா செலவாகிவிடுகிறது. செயலியின் டேட்டா சேமிப்பு முறையை இயக்குவதும், கைபேசியின் டேட்டா பயன்பாட்டுப் பட்டியலில் அச்செயலியின் கணக்கை வாரம் ஒருமுறை பார்ப்பதுமே இதற்கு உள்ள வழிகள்.

ஒருமுறை இறக்கிப் பலமுறை பார்த்தல்

பாய்ச்சல் முறையில் ஒரு காணொளியை இரண்டாம் முறை பார்த்தால் பெரும்பாலும் இரண்டாம் முறையும் அதே டேட்டா செலவாகும். இந்த உண்மை அதிகமாகப் பாதிப்பது சிறு குழந்தைகள் உள்ள வீடுகளையே; குழந்தை ஒரே பாடலை நாள்தோறும் பலமுறை கேட்கும், சோறூட்டும் ஒவ்வொரு வேளையும் அதே காணொளி மீண்டும் வலையிலிருந்து வரும். அப்பாடல்களையும், திரும்பத் திரும்பக் கேட்கப்படும் பாடங்களையும் பக்திப் பாடல்களையும் செயலிக்குள்ளேயே பதிவிறக்கி வைத்துவிட்டால் அச்செலவு ஒரே முறையோடு முடிந்துவிடும். யூடியூப் 2014 டிசம்பரில் இந்தியாவில் இணையமின்றிப் பார்ப்பதற்கான பதிவிறக்க வசதியைக் கட்டணமின்றியே கொண்டுவந்தது. எல்லாக் காணொளிகளுக்கும் அது கிடைப்பதில்லை. கிடைக்கும் இடத்தில் பயன்படுத்திக்கொள்ளாமல் விடுவது வீண்.

இங்கே யூடியூப் கோ என்ற செயலியை நினைவுகூர்வது பொருந்தும். 2016இல் டெல்லியில் அறிவிக்கப்பட்டு 2022 ஆகஸ்டில் நிறுத்தப்பட்ட அச்செயலி, காணொளியைத் தொடங்கும் முன்பே அது எத்தனை எம்பி எடுக்கும் என்று காட்டிவிட்டு, எந்தத் தரம் வேண்டும் என்று கேட்டது. பயனரிடம் விலையைச் சொல்லிவிட்டுப் பொருளைக் கொடுக்கும் நேர்மை அதில் இருந்தது. அவ்வழக்கம் இன்று பெரிய செயலிகளில் இல்லாதது உண்மையான இழப்பு. இன்றும் பதிவிறக்கம் செய்யும்போது செயலிகள் பெரும்பாலும் கோப்பின் அளவைக் காட்டுகின்றன என்பது பதிவிறக்கத்தை விரும்புவதற்கு மற்றொரு காரணமாகும்.

பதிவிறக்கத்துக்கு உரிய நேரத்தைத் திட்டமே சொல்லித்தருகிறது. நாள் ஒதுக்கீட்டுத் திட்டம் உள்ளவர் இரவு 11 மணியளவில் மிச்சத்தைப் பார்த்து, எப்படியும் நள்ளிரவில் அழியப்போகும் அந்த அளவைக் கொண்டு மறுநாளின் பாடத்தையோ படத்தையோ இறக்கிவைத்துக்கொள்ளலாம். இலங்கையில் இரவு ஒதுக்கீடு உள்ளவர், அந்த மணிகளில் இறங்கும்படி வரிசைப்படுத்தி வைப்பதால், பகல் ஒதுக்கீட்டை நேரலைக்கும் அழைப்புக்கும் காத்துக்கொள்ளலாம். குறிப்பிட்ட செயலிக்கு மட்டுமான தனிப் பொதிகள் இலங்கையில் விற்கப்படுகின்றன. அச்செயலியிலிருந்து வெளியே செல்லும் இணைப்பைத் தொட்டால் பொதுக் கணக்கிலிருந்து கழியக்கூடும் என்பதை அவற்றை வாங்குவோர் அறிந்திருக்க வேண்டும். இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016 பிப்ரவரியில் பிறப்பித்த விதி, உள்ளடக்கத்தைப் பொறுத்து வெவ்வேறு கட்டணம் வாங்குவதைத் தடை செய்துவிட்டதால் அத்தகைய பொதிகளுக்கு இடமில்லை.

நேரலையை முன்கூட்டி இறக்க முடியாது. ஐபிஎல் ஆட்டம் ஒன்று ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் நீடிப்பதால், 1 எம்பிபிஎஸ் வீதத்திலேயே ஒன்றரை ஜிபிக்கு மேல் கேட்கும். ஆட்ட நாள்களில் மற்றக் காணொளிகளை முந்தைய இரவே இறக்கிவைத்திருப்பவருக்கே அது கட்டுப்படியாகும்.

படம் வேண்டாதபோது

பாடல், பட்டிமன்றம், சொற்பொழிவு, நேர்காணல் ஆகியவை பல வீடுகளில் காணொளிச் செயலியில் ஓடவிடப்பட்டு, வேலை செய்துகொண்டே காதால் மட்டும் கேட்கப்படுகின்றன. 96 கேபிபிஎஸ் ஒலி மணிக்கு 43 எம்பியே எடுக்கும். அதே நிகழ்ச்சி 480பி படத்தோடு வந்தால் பத்து மடங்கு ஆகும். ஒலிச் செயலியிலோ பாட்காஸ்டாகவோ கிடைப்பதை அங்கே கேட்பதும், கிடைக்காததை 144பிக்கு இறக்கிக் கேட்பதும் இவ்வத்தியாயத்தில் சொல்லப்பட்ட வழிகளிலேயே மிக எளியவை. எவ்விதத் தியாகமும் கேட்காதவை.

ஒதுக்கீடு தீர்ந்த பிறகு

64 கேபிபிஎஸ் வேகத்தில் ஒரு மணி நேரத்தில் வரக்கூடியது 28.8 எம்பி மட்டுமே. மிகத் தாழ்ந்த 144பி காணொளியும், அதனோடு சேர்ந்த ஒலியும் இதைத் தாண்டிவிடுவதால், அவ்வேகத்தில் காணொளி பார்க்க முயல்வது நேரத்தையே வீணாக்கும். குறைந்த தரத்தில் அமைத்த ஒலிச் செயலி, எழுத்து வடிவச் செய்தி, குறுஞ்செய்தி, சிறு பணப் பரிமாற்றம் ஆகியவை ஓரளவு இயங்கும். கூடுதல் டேட்டா பொதியை உடனே வாங்குவதற்கு முன், அதே மாதத்தில் அத்தகைய பொதி எத்தனை முறை தேவைப்பட்டது என்று பார்க்க வேண்டும். மாதத்தில் ஓரிரு முறை எனில் பொதியே மலிவு. வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் எனில், அடுத்த ரீசார்ஜில் ஒரு படி உயர்ந்த நாள் ஒதுக்கீட்டுக்கு மாறுவது பெரும்பாலும் குறைந்த செலவில் முடியும். 5ஜி கைபேசி உள்ளவர், தம் திட்டத்தில் 5ஜி டேட்டா அளவின்றித் தரப்படுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு தரப்பட்டாலும், கைபேசி 4ஜிக்கு இறங்கும் ஒவ்வொரு முறையும் நாள் ஒதுக்கீட்டிலிருந்தே கழியும் என்பதால், 5ஜி அலை நிலையாக எட்டாத ஊர்களிலும் வீட்டின் உள்ளறைகளிலும் மேல்வரம்பை எடுத்துவிடக் கூடாது.